காக்ளியர் மாற்று அறுவை: நேர் எலக்ட்ரோடா, வளைந்த எலக்ட்ரோடா?

பதினோரு ஆண்டுகளாக எங்கள் மகளின் வலது காதில் இருந்த காக்ளியர் உள் கருவி (கேட்கும் நரம்பை மின்துடிப்பால் தூண்ட அறுவை செய்து பொருத்துவது) சென்ற ஆண்டு செயலிழந்தது. மாற்று அறுவைக்கு மருத்துவர் இரண்டு வகை எலக்ட்ரோடுகளை, அதாவது கருவியிலிருந்து உள்காதுக்குள் செல்லும் மின்முனை இழைகளை, எங்கள் முன் வைத்தார். ஒன்று, நத்தை ஓடுபோல் சுருண்ட உள்காதுப் பகுதியான காக்ளியாவின் வெளிச்சுவரை ஒட்டிச் செல்லும் மெல்லிய நேர் வகை. மற்றொன்று, அந்தச் சுருளின் மையத்தில் நரம்புச் செல்கள் இருக்கும் நடுத்தண்டைத் தழுவிச் சுருளும் வளைந்த வகை. நாங்கள் நேர் வகையையே தேர்ந்தோம்.

அந்தக் காதில் மெஷின் (வெளியே அணியும் பகுதி) இல்லாமலும் அவளுக்குத் தாழ்ந்த சுருதி ஒலிகள் கொஞ்சம் கேட்கும். காவேரிப்பட்டணத்தில் மயானக் கொள்ளையன்று பம்பை அடித்தால், மெஷினைக் கழற்றி வைத்திருந்தாலும் வாசலுக்கு ஓடுவாள். செவித்திறன் சோதனையின் வரைபடமான ஆடியோகிராமில் அது 250 ஹெர்ட்ஸில் 65 டெசிபல், 500 ஹெர்ட்ஸில் 80 டெசிபல் (டெசிபல் எண் கூடினால் செவித்திறன் குறைவு). அந்த மிச்சச் செவித்திறனை இழக்க எங்களுக்கு மனமில்லை.

விலை, உத்தரவாதம் ஆகியவற்றில் முடிவை மாற்றும் அளவுக்கு வேறுபாடு தெரியவில்லை. வளைந்த வகை நரம்புச் செல்களுக்கு நெருக்கமாக இருப்பதால் குறைந்த மின்னோட்டமே போதும் என்பது உண்மையான நன்மை. மிச்சச் செவித்திறன் அறவே இல்லாதவர்கள் அதைத் தாராளமாகக் கருதலாம்.

எங்களுக்கு முடிவைத் தந்தது பழைய தடம். எலக்ட்ரோடைச் சுற்றி உடல் நாளடைவில் ஒரு மெல்லிய நார்த்திசு உறையை வளர்த்துவிடுகிறது. பழையதை உருவியதும் அந்த உறை சுரங்கம்போல் நிற்க, புதியது அதன் வழியே நுழைய வேண்டும். எங்கள் மகளுக்கு முதலில் வைத்தது நேர் வகை என்பதால், அதைவிடத் தடிக்காத இன்னொரு நேர் எலக்ட்ரோடு அதே ஆழம்வரை உறையைக் கிழிக்காமல் போக வாய்ப்பு அதிகம். உள்நோக்கிச் சுருளும் எலக்ட்ரோடோ அந்த உறையை உடைத்துக்கொண்டுதான் நடுத்தண்டை அடைய வேண்டும். அந்த இழுபறியில் உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்தால் மிச்சச் செவித்திறனும் போய்விடும். ஆகவேதான் மருத்துவர் முதல் அறுவையின் குறிப்பைக் கேட்டார். வீட்டு பீரோவில் ரேஷன் அட்டையோடு கிடந்த கோப்பில் எலக்ட்ரோடின் மாடல் எண்ணும், அது வட்டச் சாளரத்தின் (காக்ளியாவுக்குள் நுழையும் இயற்கையான சிறு திறப்பு) வழியே முழுவதும் நுழைக்கப்பட்டது என்ற ஒரு வரியும் இருந்தன. பழையதை உருவினால் சுரங்கம் சுருங்கிவிடலாம் என்பதால், புதியதைப் பிரித்துக் கையருகே ஆயத்தமாக வைத்த பிறகே பழையதை எடுத்து, உடனே ஸ்டீராய்டு மருந்தின் துணையுடன் மிக மெதுவாகப் புதியதைச் செலுத்தினார்கள். முதலில் வளைந்த வகை வைத்தவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

அறுவைக்கு முன் மெஷின் இல்லாமல் ஹெட்போனில் ஆடியோகிராம் எடுத்துவைக்க மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் எது மிஞ்சியது என்று பின்னால் சொல்லவே முடியாது.

பத்து மாதம் ஆகிறது. 250 ஹெர்ட்ஸில் மாற்றமில்லை; 500 ஹெர்ட்ஸில் செவித்திறன் 10 டெசிபல் குறைந்து, அளவு 90 டெசிபல் ஆகியிருக்கிறது. இது ஒரே குழந்தையின் அனுபவம். அறுவை முடிந்து பல மாதங்கள் கழித்தும் செவித்திறன் மெல்லக் குறையக்கூடும் என்பதால், ஆறு மாதத்திற்கு ஒருமுறை பெங்களூருக்குப் போய் அதே ஹெட்போன் சோதனையைச் செய்துவருகிறோம்.