அரை மாத்திரையின் பாதி

தொண்டியிலிருந்து சித்தி மகள் நேற்று இரவு அழைத்தாள். "அக்கா, நீங்கள் விட்டுவிட்டீர்களே, நானும் நாளையிலிருந்து அந்த மாத்திரையை நிறுத்திவிடட்டுமா?" அவள் போடுவது பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் அல்பிரசோலம், 0.5 மில்லிகிராம், ஆறு வருடமாக. நான் போட்டதும் அதே மாத்திரைதான், அதே அளவுதான், ஏழு வருடம். நிறுத்தாதே என்று போனிலேயே சத்தம் போட்டுவிட்டேன். ஏன் என்பதை இங்கே எழுதுகிறேன்.

2017-இல் என் வீட்டுக்காரர் இறந்த பிறகு தூக்கம் போனது. பதினைந்து நாளுக்கு எழுதிக் கொடுத்தார்கள். முதல் இரவே தூங்கினேன். அந்த நன்றியை மறைக்க மாட்டேன். பதினாறாம் நாள் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. இது அட்டவணை எச்1 மருந்து. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்பதைத் தனிப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். நான் வாங்கிய கடையிலோ கசங்கிப்போன பழைய சீட்டுக்கே ஏழு வருடமும் அட்டை அட்டையாக நீட்டினார்கள்.

நடுவில் 2023-இல் நானே ஒருமுறை நிறுத்திப் பார்த்தேன். மூன்றாம் நாள் கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது, வாசலில் வலை உதறும் சத்தம்கூட நெஞ்சில் அடித்தது. பழைய வியாதி திரும்பிவிட்டது என்று நினைத்து மறுபடி போட்டேன். அது வியாதி இல்லை, மருந்து விலகும்போது உடம்பு படும் பாடு என்று பிறகு பார்த்த மனநல மருத்துவர்தான் சொன்னார். திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், உயிருக்கே ஆபத்து என்றும் சொன்னார்.

2024 ஜூனில் அவர் கண்காணிப்பில் குறைக்கத் தொடங்கினேன். என் எரிச்சலெல்லாம் இங்கேதான். குறைப்பது ஒரு தடவைக்குப் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. 0.5-இல் பத்து சதவீதம் 0.05. என் கைக்குக் கிடைத்த மிகச் சிறிய மாத்திரை 0.25. அதை ஐந்தாக வெட்ட வேண்டும்! மிளகைவிடச் சற்றே பெரிய மாத்திரையை எப்படி ஐந்தாக்குவது? நான்காக வெட்டிப் பார்த்தேன். பிளேடு பட்டதும் ஒரு துண்டு பெரிதாகவும் இன்னொன்று சிறிதாகவும் போனது, மீதி பொடியானது. ராமேஸ்வரம் தீவில் எங்கள் தங்கச்சிமடத்துக் காற்றைச் சொல்லவும் வேண்டுமா? ஜன்னல் கம்பியையே அரித்துத் தின்னும் உப்புக் காற்று. வெட்டி டப்பாவில் வைத்த துண்டு மறுநாள் ஈரம் கோத்து விரலில் ஒட்டியது. பெரிய துண்டு விழுந்த மறுநாள் தலை கனத்தது. சிறிய துண்டு விழுந்தால் விடியும் முன்பே நடுக்கம் வந்தது. குறைக்கிறேனா, கூட்டுகிறேனா என்றே தெரியாமல் மூன்று மாதம் போனது. பெரிது பெரிதாகச் செய்யத் தெரிந்தவர்களுக்கு, விடுகிறவருக்கென்று ஒரு சிறிய மாத்திரை செய்ய ஏன் தோன்றவில்லை என்று இன்றைக்கும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

இதையெல்லாம் நான் எழுதி வைத்த நோட்டை மருத்துவர் பார்த்தார், என்னைத் திட்டவில்லை. பழைய அளவிலேயே நிலைநிறுத்திவிட்டு, அக்டோபரில் மெல்ல மெல்ல அதே குடும்பத்து மருந்தான டயஸிபாமுக்கு மாற்றினார். 0.5 அல்பிரசோலத்துக்கு ஏறக்குறைய 10 மில்லிகிராம் டயஸிபாம். அல்பிரசோலம் பதினோரு மணி நேரம் போல ஆனதும் இரத்தத்தில் பாதியாகிவிடும். டயஸிபாம் இறங்க நாட்கள் ஆகும், ஆகவே விடியற்கால நடுக்கம் இல்லை. பத்து சதவீதம் என்பது இப்போது 2 மில்லிகிராம் மாத்திரையில் சரிபாதி. கோடு போட்ட மாத்திரை, கையாலேயே உடைந்தது. அன்று அழுதுவிட்டேன். ஆனால் இது எல்லோருக்கும் ஒத்துவராது. வயதானவர்களுக்கும் ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கும் இது உடம்பில் தேங்கித் தள்ளாட வைக்கும். என்னையும் ஈரல் பரிசோதனை பார்த்த பிறகே மாற்றினார்.

மூன்று வாரத்துக்கு ஒரு மில்லிகிராம் என்று குறைத்து ஐந்துக்கு வந்தேன். அதன் பிறகு நான்கு வாரத்துக்கு அரை மில்லிகிராம். அதாவது கால் மாத்திரை, மறுபடியும் பிளேடு, மறுபடியும் பொடி! 2025-இல் அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலும் தொடக்கத்தில் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஐந்திலிருந்து பத்து சதவீதம் என்றுதான் சொல்கிறது. அதை வீட்டுக் கத்தியால் எப்படிச் செய்வது என்பது நோயாளியின் தலையில் விழுகிறது.

நல்லதையும் சொல்ல வேண்டும். 2022 டிசம்பரில் நின்றுபோன ரயில், புதிய பாம்பன் பாலம் திறந்ததும் 2025 ஏப்ரலில் மறுபடி எங்கள் தீவுக்குள் வந்தது. அப்போது நான் 4.5 மில்லிகிராமில் இருந்தேன். இரவில் ரயில் சத்தத்தில் விழித்தேன். புரண்டு படுத்தேன். தூங்கிவிட்டேன்! விழித்தபின் தானாகத் தூங்கி எத்தனை வருடம்? காலையில் மகனிடம் நான்கு தடவை சொன்னேன். கனவுகளும் திரும்பின, சில பயங்கரமானவை, இருந்தாலும் என்னுடையவை. நவம்பரில் டித்வா புயல் மழையின்போது அரை மில்லிகிராமில் தத்தளித்தேன். "கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், அப்படியே நில்லுங்கள்" என்றார் மருத்துவர். ஒரு மாதம் நின்றேன். 2026 ஜனவரியில் கடைசித் துண்டு.

முறை சரியானது, மருத்துவர் தங்கமானவர், நான் நன்றாகத் தூங்குகிறேன். இருந்தும் இதை நல்ல அனுபவம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பதினைந்து நாள் மாத்திரைக்கு ஒன்பது வருடம் போயிருக்கிறது.

தங்கையிடம் சொல்லியிருக்கிறேன்: வியாழக்கிழமை மருத்துவரிடம் கூட்டிப்போக ராமநாதபுரம் பஸ் நிலையத்தில் காத்திருப்பேன், மாத்திரை அட்டையை எடுத்து வா, அதுவரை இரவில் பதற்றமாக இருந்தால் அரசு மனநல உதவி எண் 14416-க்கு அழைத்துப் பேசு. புதன் இரவு வழக்கமான மாத்திரையை, முழுதாகவே, போட்டுக்கொண்டு படு.