இரண்டு வருஷ ஆஸ்துமா ஆப்: சனிக்கிழமைப் புள்ளிகளும் ஐந்து முகங்களும்

நான் இரண்டு வருஷமாக வைத்திருக்கும் ஆஸ்துமா ஆப்பின் சந்தா பாதி விலைக்கு இறங்கியிருக்கிறதாம். "நீங்க வச்சிருக்கீங்களே, பையனுக்குப் போட்டுக் கொடுக்கலாமா?" என்று நண்பர் கேட்டார். ஆப் பெயர் இங்கே வேண்டாம், அவருக்குத் தெரியும்.

முதலில் எரிச்சல். போன மாதம் பரங்கிமலை ஸ்டேஷன் படிக்கட்டில் பாதி ஏறியதும் மூச்சு வாங்க ஆரம்பித்தது. கைப்பிடியைப் பிடித்தபடி நின்று, அவசரத்துக்கு வைத்திருக்கும் நீல இன்ஹேலரை இரண்டு பஃப் அடித்துவிட்டு, மூச்சை நிதானப்படுத்தலாம் என்று ஆப்பைத் திறந்தேன். 'இன்று எப்படி உணர்கிறீர்கள்?' சிரிப்பிலிருந்து அழுகை வரை ஐந்து முகங்கள். ஒன்றைத் தொட்டேன். தூக்கம் எப்படி? தண்ணீர் எத்தனை டம்ளர்? அப்புறம் ஒரு விளம்பரம். அதையும் மூடியபிறகுதான் உதட்டைக் குவித்து மெதுவாக ஊதச் சொல்லும் அந்த வட்டம் வந்தது. அதற்குள் மருந்தே வேலை செய்து முடித்துவிட்டது. இதை எழுதியவர்களில் ஒருவருக்காவது வீசிங் வந்திருக்குமா? இரண்டு முறை புகார் அனுப்பினேன். பதிலாக இன்னொரு சிரித்த முகம்.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். தினமும் காலையில் பீக் ஃப்ளோ மீட்டரில் (எவ்வளவு வேகமாக மூச்சை ஊதுகிறோம் என்று அளக்கும் கருவி) மூன்று முறை ஊதி, அதில் அதிகமானதை ஆப்பில் பதிகிறேன். என் அதிகபட்சம் நிமிஷத்துக்கு 450 லிட்டர். அதில் 80 சதவீதம், அதாவது 360-க்குக் கீழே போனால் புள்ளி மஞ்சளாகும், பாதிக்கும் கீழே போனால் சிவப்பு. நான்கு மாதப் புள்ளிகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது: மஞ்சள் பெரும்பாலும் சனிக்கிழமைகளில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் சாம்பிராணி! "சாமிப் புகை ஒண்ணும் பண்ணாதுடா" என்றாள் அம்மா. போனை நீட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். இப்போதெல்லாம் புகை அடங்கும்வரை எனக்கு மொட்டை மாடிதான். சனிக்கிழமையும் பச்சைக்கு வந்துவிட்டது. இருபது வருஷமாக எந்த டாக்டரிடமும் இதைச் சொல்ல எனக்கே தோன்றியதில்லை.

நடைப்பயிற்சிப் பகுதி பரவாயில்லை. முதல் பத்து நிமிஷம் மெதுவாக நடக்கவைத்து, அப்புறம்தான் வேகத்தைக் கூட்டச் சொல்கிறது. அப்படித் தொடங்கினால் எனக்கு இழுப்பு வருவது குறைகிறது. ஆனால் மஞ்சள் புள்ளி விழுந்த காலையிலும் 'இன்னும் 3,000 அடிகள்தான்!' என்று குதிக்கிறது. இரண்டும் ஒரே ஆப்தானே, ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளாதா?

நண்பருக்குச் சொன்னது இதுதான்: வாங்காதீர்கள். ஒரு பீக் ஃப்ளோ மீட்டரும் நாற்பது பக்க நோட்டும் போதும். பையனுக்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்பது உயரத்தைப் பொறுத்தது, அதை டாக்டரிடம் கேட்டு முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். தினப்படி இன்ஹேலர் அடித்தபின் வாய் கொப்பளிக்க வைக்க ஆப் எதற்கு, நீங்களே கத்தலாம்.

நேற்று ராத்திரி அதே பாதி விலையில் இன்னும் ஒரு வருஷத்துக்குக் கட்டிவிட்டேன். பணம் போனதும் 'எப்படி உணர்கிறீர்கள்?' என்று கேட்டது. அழுகிற முகத்தைத் தொட்டேன்.