மெம்மேக்கரோடு பல மாம்பழப் பருவங்கள்

கிருஷ்ணகிரியில் மாம்பழக் கூழ் ஆலை ஒன்றின் அலுவலகக் கணினியைத் தொண்ணூறுகளில் பல பருவங்கள் பராமரித்தவன் என்ற முறையில், விண்டோஸுக்கு முன் பரவலாக இருந்த டாஸ் இயங்குதளத்தின் காலத்து நினைவகக் கருவிகளைப் பற்றி, குறிப்பாக மெம்மேக்கரைப் பற்றி, இதை எழுதுகிறேன். கிளிப்பர் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்ட கொள்முதல் கணக்கு நிரல், 4 எம்பி ரேம் இருந்தும், நினைவகம் போதவில்லை என்று பாதியில் நின்றுவிடும். அந்த நேரத்தில் வாசலில் தோத்தாபுரி ஏற்றிய லாரிகள் வரிசையில் நிற்கும்.

இந்தச் சிக்கலின் வேர் முதல் ஐபிஎம் பிசியில் இருக்கிறது. அதிலிருந்த 8088 சிப் 1 எம்பி வரைதான் முகவரியிடும். ஐபிஎம் அதில் 640 கேபியை நிரல்களுக்கும், மிச்சமிருந்த 384 கேபியை வீடியோ, ரோம் (அழியாத நிரல்கள் பதிந்த சிப்) போன்றவற்றுக்கும் பிரித்து வைத்தது. பிறகு எவ்வளவு ரேம் சேர்த்தாலும் சாதாரண டாஸ் நிரலுக்கு அந்த 640 கேபிதான். அதையும் டாஸ், மவுஸ் டிரைவர் (மவுஸை இயக்கும் சிறு நிரல்), நெட்வொர்க் டிரைவர் எல்லாம் பங்குபோட்டுக்கொண்டன.

1991இல் வந்த எம்எஸ்-டாஸ் 5 இதற்கு நல்ல வழி காட்டியது. 1 எம்பிக்கு மேலுள்ள நினைவகத்தைத் திறந்துவிடும் ஹைமெம் டிரைவர் இருக்கும் கணினியில், தொடக்க அமைப்புகளை எழுதும் கான்ஃபிக் கோப்பில் 'டாஸ்=ஹை' என்ற ஒரு வரி சேர்த்தாலே டாஸின் பெரும்பகுதி முதல் 1 எம்பிக்கு மேலே போய்விடும். டிரைவர்களை மேல் நினைவகத்துக்கு, அதாவது அந்த 384 கேபியில் காலியாக இருக்கும் இடங்களுக்கு, ஏற்றுவதுதான் சிரமமான வேலை. 1993இல் டாஸ் 6 உடன் வந்த மெம்மேக்கர் அதைத் தானே செய்தது: கணினியை மீண்டும் தொடங்கி, ஒவ்வொரு டிரைவரும் ஏறும்போது எவ்வளவு இடம் கேட்கிறது, ஏறியபின் எவ்வளவில் அடங்குகிறது என்று அளந்து, எது எங்கே பொருந்தும் என்று கணக்கிட்டு எழுதிவிடும். பிடிக்கவில்லை என்றால் 'அன்டூ' கொடுத்துப் பழைய நிலைக்குத் திரும்பலாம். அலுவலகக் கணினியில் கை வைப்பவருக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் இல்லை.

ஆனால் டிரைவர்கள் ஏறும் வரிசையை அது மாற்றாது. பெரிய டிரைவரைக் கடைசியில் வைத்தால், அதற்குள் சிறியவை இடத்தைத் துண்டாக்கியிருக்கும். அதனால் பெரியதை முதலில் எழுதிவிட்டுத்தான் மெம்மேக்கரை ஓட்டுவேன். எக்ஸ்பாண்டட் நினைவகம் (கூடுதல் ரேமை ஒரு சிறு சாளரம் வழியே துண்டு துண்டாகக் காட்டும் முறை) வேண்டுமா என்று கேட்கும் இடத்தில், நிரலுக்குத் தேவையில்லை என்றால் 'நோ' சொல்ல வேண்டும்; அதற்கென ஒதுக்கப்படும் 64 கேபி சாளரம் டிரைவர்களுக்குக் கிடைக்கும்.

குவார்டர்டெக் நிறுவனம் தனியாக விற்ற க்யூஇஎம்எம் என்ற நினைவகக் கருவி, ரோம் இருக்கும் முகவரிகளையும் 'ஸ்டெல்த்' முறையில் மறைத்து இடமாக்கித் தரும்; திறமையில் மெம்மேக்கரைவிட ஒரு படி மேல். ஆனாலும் எங்கள் நிரலுக்கு மெம்மேக்கர் மிச்சப்படுத்தியதே போதுமானதாக இருந்ததால், தனியாகக் காசு கொடுத்து அதை வாங்கும்படி நான் பரிந்துரைக்கவில்லை. இன்றும் பழைய டாஸ் கணக்கை ஓட்டுபவர்கள், எந்த மாற்றம் செய்தாலும் 'மெம் /சி' கொடுத்து, ஓடக்கூடிய மிகப் பெரிய நிரலின் அளவைக் காட்டும் வரியை முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பாருங்கள்.