பழைய பிக்கப் வண்டிக்கு எந்த ஹெட்லைட் பல்பு? எச்4 வகைகள் குறித்த ஒரு மதிப்பீடு

எச்4 பல்பு பொருந்தும் பழைய பிக்கப் வண்டிக்கு, நம்பகமான நிறுவனம் தயாரித்த சாதாரண 60/55 வாட் (தொலைவுக்கு ஒளி வீசும் ஹை பீமுக்கு 60, எதிரே வண்டி வரும்போது போடும் தாழ்வான லோ பீமுக்கு 55) ஹாலஜன் பல்பே இன்றைக்கும் சரியான தேர்வு என்பது என் முடிவு. விலை உயர்ந்த பல்புகள், நீல நிறம் பூசியவை, எல்இடி என்று பலவற்றையும் மாற்றி மாற்றிப் பொருத்தி, ஒரே சாலையில் இரவில் ஓட்டிப் பார்த்த பிறகே இதைச் சொல்கிறேன்.

வாங்குவதற்கு முன் வண்டியில் இருப்பது எந்த வகை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் கண்ணாடியும், ஒளியை முன்னோக்கித் திருப்பும் குழிந்த ரிஃப்ளெக்டரும், இழையும் ஒன்றாக மூடப்பட்ட சீல்டு பீம் இருக்கும். அதில் பல்பை மட்டும் தனியாக மாற்ற இயலாது. அமெரிக்கச் சந்தைக்கான வண்டிகளில் 9004, 9007 என்ற வகைகள் வரும். இவ்விரண்டும் பார்வைக்கு ஒத்திருந்தாலும், முதலாவதில் இழைகள் குறுக்காகவும் இரண்டாவதில் நீளவாக்கிலும் அமைந்திருப்பதால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் பொருத்தக் கூடாது. மூன்று தகட்டு முனைகளோடு வரும் எச்4 வகையைப் பற்றியே இனி எழுதுகிறேன்.

1971-இல் அறிமுகமான எச்4, ஒரே பல்புக்குள் இரண்டு இழைகளைக் கொண்டது. லோ பீம் இழையின் அடியில் சிறிய உலோகக் கவசம் ஒன்று இருக்கிறது. அது ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதிக்கு வெளிச்சம் போகாமல் தடுப்பதால்தான், எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யாத தெளிவான மேல்விளிம்பு சாலையில் உருவாகிறது. இழையும் கவசமும் மில்லிமீட்டர் அளவில்கூட விலகாமல் அமைய வேண்டும் என்பதே பல்பின் தரத்தைத் தீர்மானிக்கிறது. பெயரில்லாத மலிவான பல்புகள் தோற்றுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஓஸ்ராம் ஒரிஜினல், பிலிப்ஸ் விஷன் போன்றவற்றில் அந்த விளிம்பு கோடு போட்டதுபோல் விழுகிறது. சாலையோரமும் போதுமான அளவு தெரிகிறது.

அடுத்து, உறையில் ‘130 சதவீதம் கூடுதல்’, ‘150 சதவீதம் கூடுதல்’ என்று அச்சிட்டு விற்கப்படும் பல்புகள். ஓஸ்ராம் நைட் பிரேக்கர் லேசர், பிலிப்ஸ் எக்ஸ்ட்ரீம்விஷன் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. அந்தச் சதவீதம் பல்பின் மொத்த வெளிச்சத்தைக் குறிப்பதன்று. விதிமுறை கோரும் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட்டு, சாலையின் குறிப்பிட்ட பகுதியில் கிடைக்கும் உயர்வையே அது குறிக்கிறது. மொத்த வெளிச்சம் எந்த எச்4 பல்புக்கும் 13.2 வோல்ட்டில் ஹை பீமுக்கு 1650, லோ பீமுக்கு 1000 லூமென் (ஒளியை அளக்கும் அலகு) என்ற அளவிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. ஆயினும் பயன் உண்மையானதே: தொலைவில் கிடக்கும் பள்ளம் சற்று முன்னதாகவே கண்ணில் படுகிறது. இழை அதிக வெப்பத்தில் எரிவதால் ஆயுள் குறைகிறது என்பது அதற்குக் கொடுக்கும் விலை. குண்டும் குழியுமான வழியில் தினமும் சுமை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு இவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நீலப் பூச்சுள்ள பல்புகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இழை உமிழும் வெளிச்சத்தின் ஒரு பகுதியை அந்தப் பூச்சே வடிகட்டிவிடுகிறது. 100/90 வாட் பல்புகளோ பழைய ஹோல்டரையும் ஒயரையும் ரிஃப்ளெக்டரையும் சூட்டில் கெடுப்பவை. பல நாடுகளில் பொதுச் சாலைக்கு அனுமதிக்கப்படாதவை.

எல்இடி பல்புகளைப் பற்றிச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். மின்சாரச் செலவு குறைவு, வெண்மையான ஒளி என்ற இரண்டும் மறுக்க முடியாதவை. ஆனால் இழை எல்லாப் பக்கமும் ஒளி தருவது. எல்இடி சில்லுகள் தட்டையான பரப்பிலிருந்து இரு பக்கம் மட்டுமே ஒளி தருபவை. இழைக்கென்று வடிவமைத்த ரிஃப்ளெக்டரில் அவற்றைப் பொருத்தும்போது, பெரும்பாலானவற்றில் வண்டிக்கு அருகே வெளிச்சம் பெருகி, தொலைவில் குறைந்து, விளிம்புக்கு மேலேயும் சிதறுகிறது. ஓட்டுநருக்கு எல்லாம் பளிச்சென்று தெரிவதாக ஒரு நிறைவு வரும்; எதிரே வருபவருக்குக் கண் கூசும். ஜெர்மனியில் 2020 முதல் சில எல்இடி பல்புகளுக்கு, பரிசோதித்து ஏற்கப்பட்ட குறிப்பிட்ட வண்டி மாடல்களுக்கு மட்டும் அனுமதி வழங்கப்படுகிறது. அத்தகைய பட்டியலில் தம் வண்டி இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். மற்றவர்கள் தவிர்ப்பதே நல்லது.

பல்பைவிட முக்கியமாக நான் கருதுவது, அதை வந்தடையும் மின்னழுத்தம். ஹாலஜன் பல்பின் ஒளி மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 3.4-ஆம் அடுக்குக்கு ஏற்ப மாறுகிறது. 13.2 வோல்ட்டில் 1000 லூமென் தரும் இழை, 11.9 வோல்ட்டில் சுமார் 700 லூமென் மட்டுமே தருகிறது. பழைய பிக்கப் வண்டிகள் பலவற்றில் இரண்டு விளக்குகளுக்குமான 9 அல்லது 10 ஆம்பியர் மின்னோட்டம், டாஷ்போர்டு சுவிட்ச் வழியாகவே நீண்ட ஒயரில் சுற்றி வருகிறது. சுவிட்சின் தேய்ந்த முனைகளும் துருப்பிடித்த எர்த் இணைப்பும் சேர்ந்து ஒரு வோல்ட்டுக்கு மேல் விழுங்கிவிடலாம். என்ஜின் ஓட, விளக்கு எரிய, மல்டிமீட்டரால் பேட்டரியிலும் பல்பின் முனையிலும் அளந்து பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். வேறுபாடு அரை வோல்ட்டைத் தாண்டினால், பேட்டரியிலிருந்து தடிமனான ஒயர், பியூஸ், ரிலே (சிறு மின்னோட்டத்தால் இயங்கி, விளக்குக்கான பெரிய மின்னோட்டத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்) ஆகியவற்றைப் போட்டு, எர்த் இணைப்பைச் சுரண்டி இறுக்கிவிட வேண்டும். என் வண்டியில் இந்த வேலை முடிந்த அன்று சாதாரண பல்பு காட்டிய தெளிவை, அதற்கு முன் எந்த விலையுயர்ந்த பல்பும் காட்டியதில்லை. ரிலே போடும் செலவு எவ்வகையிலும் வீண் அன்று.

பொருத்தும்போது கண்ணாடிக் குமிழை விரலால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை சூட்டில் குமிழின் குவார்ட்ஸ் கண்ணாடியைப் பலவீனமாக்கும். இரண்டு பல்புகளையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. பிறகு, பிக்கப் வண்டிக்கே உரிய ஒரு கவனம் தேவை: பின்னால் சுமை ஏறியதும் முன்பக்கம் தூக்கிக்கொள்வதால் லோ பீமும் மேலே ஏறிவிடும். ஆகவே, வழக்கமாக ஏற்றும் சுமையோடு வண்டியைச் சமதளத்தில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தி, வெளிச்சத்தின் மேல்விளிம்பு விளக்கின் மையத்தைவிட ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்குமாறு திருகாணியைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.