பெரியம்மாவின் காலில் இருந்தது ஆணி இல்லை

கடந்த மார்கழியில் மெல்பர்னிலிருந்து திருநெல்வேலிக்குப் போனபோது, பெரியம்மாவின் இடது குதிகாலில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுப்புத் திட்டு ஒன்று ஓரம் கலைந்து படர்ந்திருந்தது. கால் ஆணி என்று சொல்லி இரண்டு இடங்களில் பிளாஸ்திரி போட்டு, ஒரு முறை செதுக்கியும் அனுப்பியிருக்கிறார்கள். நான் பிடிவாதமாக எடுக்கவைத்த சதைப் பரிசோதனையில் அக்ரல் மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் என்று வந்தது.

நான் வாழும் ஊரில் மெலனோமா என்றாலே வெயில்தான் பேச்சு. தொப்பி இல்லாமல் பிள்ளைகளைப் பள்ளி மைதானத்தில் விளையாட விடமாட்டார்கள். இந்த வகையோ வெயில் படாத உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும் வருவது. நம்மைப் போன்ற கருநிறத்தவருக்கு வரும் மெலனோமாவில் பெரும்பங்கு இதுதான். பாடகர் பாப் மார்லி 1981இல் தமது 36ஆம் வயதில் இறந்ததும் கால்விரல் நகத்தடியில் தொடங்கிய மெலனோமாவால்தான்.

முடிவைச் சொல்ல மருத்துவர் என்னை மட்டும் வராந்தாவுக்கு அழைத்து, "அம்மாகிட்டச் சொல்லாதீங்க, பயந்துருவாங்க" என்று இரண்டே நிமிடத்தில் முடித்துக்கொண்டார். எழுபது வயதுவரை தன் வீட்டுக் கணக்கைத் தானே பார்த்த பெண்ணிடம் அவள் காலைப் பற்றிய செய்தியை மறைக்கச் சொன்னதை என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. திரும்பி வந்ததும், "டாக்டரு என்னல சொன்னாரு?" என்று கேட்டாள். எனக்கு வாய் எழவில்லை.

பக்கத்துப் பெஞ்சில் இருந்த கோவில்பட்டிக்காரப் பெண் என் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, எனக்கும் இதேதான்" என்று செருப்பைக் கழற்றிக் காட்டினார். குதிகாலில் பாதியை எடுத்துவிட்டுத் தொடைத் தோலை வைத்துத் தைத்திருந்தார்கள். ஒட்டிய தோல் மட்டும் வழவழப்பாக, வேறு நிறத்தில் இருந்தது. பெரியம்மா அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். கட்டி எத்தனை மில்லிமீட்டர் ஆழம் போயிருக்கிறது என்று கேட்க வேண்டும், தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை மறக்காமல் எடுத்துவர வேண்டும், மருத்துவர் சான்றிதழ் கொடுத்தால் சிகிச்சைக்குப் போகும் ரயில் பயணத்தில் துணைக்கு வருபவருக்கும் கட்டணச் சலுகை உண்டு என்று அவர் சொல்லச் சொல்லப் பெரியம்மா தலையாட்டிக்கொண்டே இருந்தாள். மெல்பர்னில் இதற்கென்று ஒரு செவிலியர் தொலைபேசியில் பேசியிருப்பார், கையேடும் தந்திருப்பார். பெஞ்சின் மேல் காலைத் தூக்கி வைத்துக் காட்ட யாரும் வந்திருக்கமாட்டார்கள். ஆனால், அந்தப் பெண் அன்று வராமல் இருந்திருந்தால் எங்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கும்போது வயிறு கலங்குகிறது.

மறுநாள் மருத்துவர் என்னைப் பார்த்துப் பேசத் தொடங்கியதும், பெரியம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "எத்தன மில்லிமீட்டருன்னு வந்துருக்கு, சொல்லுங்க" என்றாள்.