சல்லியை (பணத்தை) எதில் கொண்டு போவது: கோத்தகிரியிலிருந்து இலங்கையின் ஹட்டன் போகிறவர்களுக்கு

எங்கள் டான்டீ (தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) குடியிருப்பில் பாதி வீடுகளுக்கு இலங்கையில் இன்னும் ஒரு சொந்தம் இருக்கிறது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, கோத்தகிரிப் பக்கம் கொழுந்து பறிக்க வந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். அம்மாமாருக்கு வயதாகிவிட்டது. பிறந்த லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டை, ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்கிறார்கள். என் அம்மாவைக் கூட்டிப்போய் வந்ததிலிருந்து என்னிடம் எல்லாரும் முதலில் கேட்பது, "சல்லியை எப்படிக் கொண்டு போனீங்க?" என்பதுதான். அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதிவிடுகிறேன்.

முதலில் ஃபோரெக்ஸ் கார்டு. வெளிநாடு என்றதும் எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள். சிங்கப்பூர், துபாய் போகிறவர்களுக்கு நல்ல வழிதான்: அந்த ஊர்ப் பணத்தையே கார்டில் ஏற்றிக்கொள்ளலாம், விலை அன்றைக்கே முடிவாகிவிடும். ஆனால் இலங்கை ரூபாயை ஏற்றும் கார்டு நம் பக்கம் எளிதில் கிடைப்பதில்லை. டாலரை ஏற்றிக்கொண்டு போய் இலங்கை ரூபாயில் செலவழித்தால், ஒவ்வொரு தடவையும் மாற்றுக் கட்டணம் விழும். பத்து நாள் பயணத்துக்கு இது வேண்டாம் என்பேன்.

ரொக்க டாலருக்கும் டெபிட் கார்டுக்கும் நடுவில்தான் உண்மையான போட்டி. 40,000 ரூபாய்க்குக் கணக்குப் போடுவோம். பல வங்கிகள் டெபிட் கார்டில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் வரை எடுக்கின்றன. அது 1,400 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 252, மொத்தம் 1,652. ஏடிஎம்மில் எடுத்தால் நம் வங்கி ஒரு கட்டணம் போடும், அந்த ஊர் வங்கியும் தனியாகப் போடலாம். அதே 40,000-க்கு இங்கே டாலர் வாங்கினால் ஜிஎஸ்டி 72 ரூபாய்தான். ஆனால் மாற்றுகிறவர் தன் லாபத்தை விலையிலேயே வைத்திருப்பார், கொழும்பில் டாலரை மாற்றும்போது இன்னொரு தடவை அதே கதை. அதனால் இரண்டு மூன்று இடத்தில் விலை கேட்காமல் வாங்காதீர்கள். நான் கீழே இறங்கி கோயம்புத்தூரில் விசாரித்துத்தான் வாங்கினேன்.

ஒரு பயணத்துக்கு ஒருவர் 3,000 டாலர் வரை நோட்டாகக் கொண்டு போகலாம். 50,000 ரூபாய்க்குக் குறைவாக வாங்கினால் ரொக்கம் கொடுக்கலாம், அதற்கு மேல் வங்கிக் கணக்கு வழியாகத்தான். நோட்டை ஒவ்வொன்றாகப் பார்த்து வாங்குங்கள். மடிப்பில் கிழிசலோ பேனாக் கிறுக்கலோ இருந்தால் அங்கே வாங்க யோசிப்பார்கள். இந்திய ரூபாயையும் ஒருவர் 25,000 வரை எடுத்துப் போகலாம், ஆனால் நான் விசாரித்த இடங்களில் டாலருக்குத்தான் நல்ல விலை.

கார்டை நம்பி நான் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். ஆறாம் நாள், ஹட்டன் டவுனில் ஒரு ஏடிஎம். கார்டு உள்ளே போனது, வெளியே வந்தது, பணம் வரவில்லை. ரிசர்வ் வங்கி 2020-இல் கொண்டுவந்த விதிப்படி கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே திறந்துவிட வேண்டும், கடைக்குத் தனி, ஏடிஎம்முக்குத் தனி. நான் கடைக்கு மட்டும் திறந்திருந்தேன். சரி, செயலியில் மாற்றலாம் என்றால் ஓடிபி கேட்டது. என் இந்திய சிம்மோ பர்ஸுக்குள், போனில் இருந்தது கொழும்பில் வாங்கிய சிம். மாற்றிப் போட்டேன், ரோமிங் இல்லை. மழை வேறு. ஆட்டோவில் உட்கார்ந்திருந்த அம்மா சுருக்குப் பையை அவிழ்த்து, வெற்றிலைக்குக் கீழே இருந்து நான்காக மடித்த இருபது டாலர் நோட்டுகளை எடுத்து நீட்டினார். "நீ கெளம்பறப்ப பாதிய என்கிட்ட குடுத்தது நல்லதாப் போச்சு தம்பி" என்றார். பக்கத்து வங்கியில் மாற்றினோம், தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

யுபிஐ 2024 பிப்ரவரி 12 முதல் இலங்கையில் வேலை செய்கிறது. கடைக்காரரின் க்யூஆரை ஸ்கேன் செய்து கட்டலாம், சொந்தக்காரருக்கு அனுப்ப முடியாது. கிளம்பும் முன் செயலியில் வெளிநாட்டு வசதியை இயக்க வேண்டும், உங்கள் வங்கி அதைத் தருகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். கொழும்பிலும் கண்டியிலும் எனக்கு உதவியது. தோட்டத்துக் கடையிலும் ஆட்டோவிலும் நோட்டுதான் ஓடியது. கிரெடிட் கார்டு ஹோட்டலுக்குச் சரி. அதில் ஏடிஎம் பணம் எடுத்தால் அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். எந்தக் கார்டானாலும், இந்திய ரூபாயில் கட்டவா என்று மிஷின் கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள், அந்த மாற்று விலை பெரும்பாலும் நமக்கு நஷ்டம்.

என் தீர்ப்பு: செலவில் பாதி டாலராக, இரண்டு பேரிடம் பிரித்து. மீதி ஒரு டெபிட் கார்டில், ஆனால் ஓய்வூதியமோ சம்பளமோ வரும் கணக்கின் கார்டு அல்ல. அதற்கென்று தனிக் கணக்கு ஒன்றில் பயணத்துக்கு வேண்டியதை மட்டும் போட்டு வையுங்கள், கார்டு போனாலும் அதோடு போகும். கார்டு தொலைந்தால் அன்றைக்கே வங்கிக்குச் சொல்லிவிடுங்கள். நம் தவறில்லாமல் வெளியாட்கள் எடுத்த பணம் என்றால், வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னவருக்கு நஷ்டம் எதுவும் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2017-இல் சுற்றறிக்கை விட்டது. 1800 எண்கள் வெளிநாட்டிலிருந்து பெரும்பாலும் கிடைக்காது, +91 எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்திய சிம்மைக் கழற்றாதீர்கள், ரோமிங்கோடு போனிலேயே இருக்கட்டும்.

திரும்பி வந்த பிறகு 2,000 டாலர் வரை கையில் வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் இருந்தால் 180 நாளுக்குள் மாற்றிவிட வேண்டும். எங்களிடம் மீந்தது 60 டாலர். சித்தி மகள் கல்யாணத்துக்குப் போகும்போது ஆகும் என்று அம்மா அதே சுருக்குப் பையில் போட்டு முடிந்து வைத்திருக்கிறார்.