வன்னியில் மீன்தொட்டிக்கு எந்த வடிகட்டி: ஸ்பொஞ்சா, தொங்கு வகையா, கனிஸ்ரரா?

கிளிநொச்சியிலுள்ள எமது வீட்டில் கப்பியும் மொலியும் வளர்ப்பதற்காக 60 லீற்றர் தொட்டியொன்றை அமைத்தபோது, கடைகளில் கிடைக்கும் மூன்று வகை வடிகட்டிகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, அவற்றுள் மிக மலிவான ஸ்பொஞ்ச் வடிகட்டியையே தெரிந்தெடுத்தேன். எனினும் விலை அதற்குக் காரணமன்று.

தோற்றத்திலும் சத்தத்திலும் ஸ்பொஞ்ச் தோற்றுப்போகும் என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். அது தொட்டிக்குள் துருத்திக்கொண்டு நிற்கும். குமிழிகளை எழுப்பி நீரை ஸ்பொஞ்சினூடாக இழுக்கும் அதன் காற்றுப் பம்பி இரவு முழுவதும் முரலும். தொட்டியின் விளிம்பில் மாட்டும் தொங்கு வடிகட்டி இவ்விரண்டிலும் மேலானது. தொட்டிக்குக் கீழே மறைத்து வைக்கப்படும் கனிஸ்ரர் தருகின்ற தெளிவை மற்ற இரண்டும் தருவதில்லை.

ஆனால் கண்ணுக்குத் தெரியும் அழுக்கை அகற்றுவது வடிகட்டியின் சிறிய வேலைதான். மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய தீனியிலிருந்தும் உண்டாகும் அமோனியாவை, வடிகட்டியின் நுண்துளைகளில் குடியேறும் பற்றீரியாக்கள் முதலில் நைத்திரைற்றாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இக்கூட்டம் நிலைபெறுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை செல்லும். நீரின் அமில-கார அளவான பீஎச் 7 இலிருந்து 8 ஆக உயரும்போது, அமோனியாவில் மீனுக்கு நஞ்சாகும் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகிறது. வெப்பமும் அதனைக் கூட்டும். காரத்தன்மை கூடிய கிணற்று நீரையும் கோடை வெயிலையும் கொண்டு தொட்டி வைத்திருக்கும் எம்மவர்க்கு இந்தப் பற்றீரியாக்களை இழப்பது சிறிய விடயமன்று.

அவற்றை இழக்கச் செய்வது பெரும்பாலும் மின்தடைதான். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றதை எவரும் மறந்திருக்க முடியாது. அந்தக் காலம் கடந்துவிட்டாலும், மாரிக் காற்றில் மரக்கிளை கம்பியில் விழுந்தால் எப்போது மின்சாரம் திரும்புமென்று சொல்ல முடியாது. கனிஸ்ரர் மூடிய பாத்திரம் என்பதால், ஓட்டம் நின்றதும் உள்ளேயிருக்கும் ஒட்சிசனைப் பற்றீரியாக்கள் சில மணித்தியாலங்களில் தீர்த்துவிட்டு மடியத் தொடங்குகின்றன. மின்சாரம் வந்ததும், வீட்டில் எவரும் இல்லாவிட்டாலும், அந்த அழுகல் நீர் நேரே தொட்டிக்குள் பாயும். தொங்கு வடிகட்டிகளில் சிலவற்றின் குழாயிலுள்ள நீர் வடிந்துவிடுவதால், மீண்டும் நீரூற்றும்வரை மோட்டர் வெறுமையாகச் சுழன்று பழுதடையும். மோட்டர் நீருக்குள் அமைந்த புதிய வகைகளில் இத்தொல்லை இல்லை.

ஸ்பொஞ்ச் தொட்டி நீருக்குள்ளேயே திறந்திருப்பதால், காற்றோட்டம் நின்றாலும் அதிலுள்ள பற்றீரியாக்கள் நெடுநேரம் தாக்குப்பிடிக்கின்றன. சிறிய காற்றுப் பம்பிக்கு 5 வாற்றுக்கும் குறைவான மின்சாரமே போதும் என்பதால், பற்றரியில் இயங்கும் பம்பியொன்றைத் துணைக்கு வைத்துக்கொள்வதும் எளிது. 30 பாகை செல்சியசில் நீர் தாங்கக்கூடிய ஒட்சிசன் லீற்றருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் மாத்திரமே. ஆகவே அந்தக் குமிழிகள் மீனின் மூச்சுக்கும் வேண்டியவை. பம்பியை நீர்மட்டத்திற்கு மேலே வைக்க வேண்டும், அல்லது குழாயில் ஒருவழி வால்வு பொருத்த வேண்டும். இல்லையெனில் மின்சாரம் நின்றதும் நீர் பின்வாங்கிப் பம்பிக்குள் இறங்கிவிடும்.

பராமரிப்பும் இதே பக்கந்தான் சாய்கிறது. வன்னீரின், அதாவது தாதுக்கள் மிகுந்த நீரின், சுண்ணாம்புப் படிவு மோட்டருள்ள வடிகட்டிகளின் சுழலியில் ஏறி அதனை இறுக்கிவிடும். அவ்வப்போது கழற்றி வினாகிரியில் ஊறவைக்க வேண்டும். சுழலி உடைந்தால் அதே வகையை இங்கே தேடிப் பிடிப்பது கடினம். ஸ்பொஞ்சிலோ நீருக்குள் சுழலும் பாகமே இல்லை. காற்றுப் பம்பியின் இறப்பர்ச் சவ்வு மாத்திரம் காலப்போக்கில் தேயும். நீர் மாற்றும்போது வாளியில் எடுத்த தொட்டி நீரிலேயே ஸ்பொஞ்சைப் பிழிந்து அலசினால் போதும். குளோரின் கலந்த குழாய் நீரில் கழுவினால் பற்றீரியாக்கள் அழியும். இரண்டு ஸ்பொஞ்ச் வைத்து, மாறிமாறி ஒன்றை மட்டும் அலசுவதே நான் கைக்கொள்ளும் முறை.

கனிஸ்ரரை உறவினர் வீடுகளில் பார்த்த அளவிலேயே பேசுகிறேன். நானாக அதனை நடத்தியதில்லை. சூரியக்கலமும் பற்றரியும் உள்ள வீடுகளில் மின்தடை பற்றிய வாதம் வலுவிழந்துவிடும். 200 லீற்றருக்கு மேற்பட்ட தொட்டியில் ஒஸ்கார் போன்ற அதிகம் கழிக்கும் பெரிய மீன்களை வளர்ப்பவர்க்கு ஸ்பொஞ்ச் மட்டும் ஈடுகொடுக்காது. அவர்கள் கனிஸ்ரரோடு ஒரு ஸ்பொஞ்சையும் சேர்த்து வைப்பது நல்லது.

குடிநீருக்காகச் சவ்வினூடாக வடித்துத் தாதுக்களை நீக்கிய ஆர்ஓ நீரை ஊற்றினால் வடிகட்டியே வேண்டாமென்று சிலர் சொல்வதுண்டு. அந்த நீரிலும் மீன் கழிக்கத்தான் போகிறது. தாதுக்கள் நீங்கிய நீரில் பீஎச் எளிதில் தடுமாறும் என்பதோடு, கப்பியும் மொலியும் வன்னீரையே விரும்புபவை. ஆர்ஓ நீரால் ஒரு பயன் உண்டு: கோடையில் ஆவியாகிக் குறையும் அளவை அதனால் நிரப்பினால், கிணற்று நீரை மேலும் மேலும் ஊற்றி உப்பு செறிவதைத் தவிர்க்கலாம்.